ஜீப்புக்கு ஒரு தும்பிக்கை

அக்டோபர் 2, வியாழன்

நேற்று சத்தி டவுனில் ஜெனிட்டா டீச்சர் சொன்னார்: "தினமும் அவர் வாயிலருந்து என்ன வார்த்தை வருதோ, ஒண்ணு விடாம எழுதி வைங்கம்மா. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னும் ரெண்டு வரி எழுதுங்க. எப்ப எது வருதுன்னு எனக்குத் தெரியணும்."

பேச்சுப் பயிற்சி டீச்சர் அவர். புதன்கிழமைதோறும் போகிறோம். பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் நான் கடிதம்கூட எழுதியதில்லை. இருந்தாலும் வாங்கி வந்துவிட்டேன், நூறு பக்க நோட்டு.

என் வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்திரண்டு. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துபோயின. கால் பாதி திரும்பிவிட்டது, ஊன்றுகோலோடு நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. பதிலும் அவருக்குத் தெரிகிறது. வாய்க்கு மட்டும் வழி தெரியவில்லை.

இன்றைய சொற்கள்: "டீ". அப்புறம் ஊன்றுகோல் கால்மேல் விழுந்தபோது ஒரு கெட்ட வார்த்தை. அது மட்டும் திக்காமல், முழுதாக, பழைய குரலிலேயே வந்தது. டீச்சர் ஒன்று விடாமல் என்று சொன்னாலும் அதை எழுத மாட்டேன்.

அக்டோபர் 4, சனி

டீச்சருக்கு எங்கள் ஊர் தெரியாது. அதனால் எழுதுகிறேன். வேங்கைத்தொட்டியில் அறுபது வீடு. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே ஒன்பது கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் கெண்டையாறு. ஆற்றுக்குக் குறுக்கே தரைப்பாலம். மழை வந்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். ஊருக்கு ஒரே வண்டி எங்கள் டீசல் ஜீப். இருபது வருடம் அவர் ஓட்டினார். இப்போது நான்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவள் நான். கல்யாணத்துக்கு அப்புறம் லைசென்சும் எடுத்து வைத்திருந்தேன். ஆனாலும் முதல் வாரம் ஊர்க்காரர்கள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். இப்போது தூங்குகிறார்கள்.

இவர் தினமும் முன்சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்வார். வீட்டில் இருங்கள் என்றால் கேட்பதில்லை. நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் இடது கை தொடையில் லேசாக அசையும்.

இன்றைய சொற்கள்: "ரெண்டு". இரண்டாவது கியர் போடச் சொன்னார். போட்டேன்.

அக்டோபர் 8, புதன்

டீச்சரிடம் போய்விட்டுத் திரும்பும்போது டீக்கடை வாசலில் வெளியூர்ப் பையன்களின் வண்டி ஒன்று நின்றது. பெரிய சக்கரம், உடம்பெல்லாம் சேறு. முன் கண்ணாடியை ஒட்டிக் கறுப்புக் குழாய் ஒன்று மேலே ஏறிக் கூரை உயரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"தம்பி, இது என்னத்துக்குங்க?"

"ஸ்நார்க்கல்க்கா. வண்டி தண்ணிக்குள்ள போறப்ப இஞ்சின் இது வழியா மூச்சு விடும். இல்லன்னா காத்துக்குப் பதிலாத் தண்ணியக் குடிச்சிரும். இஞ்சின் காலி."

"வெல என்னுங்க?"

அவன் சொன்ன விலைக்கு எங்கள் ஜீப்பையே பாதி வாங்கிவிடலாம்.

ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு குழாய்தான். அதில் அப்படி என்ன இருக்கிறது? யானை ஆற்றைத் தாண்டும்போது தும்பிக்கையைத் தூக்கிக்கொள்கிறதே, அதுதான். திரும்பிப் பார்த்தால் இவர் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் போன வருடம் பதினொரு நாள் வண்டி நின்றது. பீன்ஸ் எல்லாம் மூட்டையிலேயே முற்றிப்போயிற்று. லோடு நிற்கக் கூடாது. அதற்காகத்தான் யோசிக்கிறேன்.

இன்றைய சொற்கள்: டீச்சரிடம் "கை", "பூனை", "தண்ணி". வண்டியில் "குழா".

அக்டோபர் 9, வியாழன்

பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஏர் பில்டருக்குக் காற்று போகும் வாய், இஞ்சினுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. முகப்பு விளக்கு முங்கினால் அதுவும் முங்கும். வாயின் அகலத்தைச் சோளத்தட்டை வைத்து அளந்துகொண்டேன்.

இவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக டிவியைப் போடச் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

அடிவாரத்தில் காதர் பாய் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மூன்று அங்குலப் பிளாஸ்டிக் குழாய் பத்தடி, எல்போ நான்கு, பசை ஒரு டப்பா, கிளிப் ஆறு என்று கேட்டேன்.

"பம்புக்குங்ளாக்கா?"

"வண்டிக்குங்க பாய். மூச்சு விடறதுக்கு."

அவர் இவரைப் பார்த்தார். இவர் இடது கையை மூக்கில் வைத்து மேலே தூக்கிக் காட்டினார், தும்பிக்கை மாதிரி. பாய் சிரித்துவிட்டார். நானும்தான். இவர் வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அது போதும்.

இன்றைய சொற்கள்: "பாய்". போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

அக்டோபர் 16, வியாழன்

குழாய் வெளியே வர மட்கார்டில் ஓட்டை போட வேண்டும். பாயிடம் துளை போடும் மிஷினை இரவல் வாங்கி வந்தேன். ஆனால் கை வரவில்லை. இருபது வருடம் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த வண்டி. மரக்கிளை உரசினால்கூட இறங்கி எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு ஏறுகிற மனிதர்.

மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இவர் எழுந்து வந்தார். அளவு குறிக்க நான் வைத்திருந்த சாக்பீஸை எடுத்தார். இடது கையால், நடுங்கி நடுங்கி, மட்கார்டில் ஒரு வட்டம் போட்டார். கோணல் வட்டம். முட்டை மாதிரி இருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

போட்டுவிட்டேன். தகரம் அலறியது. இவர் கண்ணை மூடவில்லை.

இன்றைய சொற்கள்: ஒன்றும் இல்லை. டீச்சர் இதையும் சொல்லாகச் சேர்த்துக்கொள்வாரா, கேட்க வேண்டும்.

அக்டோபர் 18, சனி

திருப்பூரிலிருந்து மகள் நித்திலா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, தீவாளிக்கு வாங்க. அப்பிடியே இங்கயே இருந்துக்கலாம். அந்த ஓட்ட ஜீப்ப எவனுக்காச்சும் தள்ளிவுட்டுருங்க."

அன்றைக்கு ஊன்றுகோல் விழுந்தபோது சொன்னாரே, அதே வார்த்தை இவரிடமிருந்து வந்தது. அதே சுத்தம்.

போனில் அவள் அழுதாள். "அம்மா... அப்பா பேசறாரு."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வண்டி எடுக்கவில்லை. சொற்கள்: "முறுக்கு", "இன்னொண்ணு".

அக்டோபர் 23, வியாழன்

குழாயையும் பில்டரையும் இணைக்கத் தோட்டத்தில் கிடந்த மெல்லிய ஓஸை வெட்டிப் போட்டேன். ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடியது. மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது, கறும்புகை தள்ளியது, நின்றுவிட்டது. பின்னால் பதினான்கு பேர், நடுக்காடு.

பானெட்டைத் திறந்தால் ஓஸ் இரண்டு பக்கமும் ஒட்டிச் சப்பையாகக் கிடந்தது. இஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலில் அமுங்கிவிட்டது.

"அக்கா, தும்பிக்கைக்குச் சளி புடிச்சிருச்சா?" என்றான் ஜடையன். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரன். அவனும் அவன் பெண்டாட்டி ரங்கியும் எங்களுக்கு உறவு இல்லை, ஆனால் உறவைவிட அதிகம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் குழாயைக் கழற்றிக் கோழிக்கூண்டுப் பக்கம் போட்டுவிட்டேன். எனக்கு எதற்கு இந்த வேலை.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் எழுந்து பார்த்தால் குழாய் திண்டுமேல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கிணற்று மோட்டாரின் பழைய உறிஞ்சு ஓஸ். உள்ளே கம்பிச் சுருள் வைத்தது. எவ்வளவு இழுத்தாலும் அமுங்காது. கொட்டகையிலிருந்து ஒற்றைக் கையால் எப்படி இழுத்து வந்தாரோ. வாசல் முழுக்க ஊன்றுகோல் தடமும் ஓஸ் இழுபட்ட தடமும்.

இன்றைய சொற்கள்: "இது". மூன்று தடவை.

அக்டோபர் 26, ஞாயிறு

டீச்சர் பார்க்கிற நோட்டில் இதை எழுதலாமா தெரியவில்லை. எழுதிவிட்டால் தேவலை போல இருக்கிறது.

ஜூலை 27. மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட உட்கார்ந்தவர் கையிலிருந்து சோறு விழுந்தது. வாய் இழுத்துக்கொண்டது. ஜடையனும் ரங்கியும் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். நான் ஓட்டினேன். ஆற்றங்கரைக்கு வந்தால் தரைப்பாலத்தைக் காணோம். மேலே எங்கேயோ பெய்த மழை. செம்மண் நிறத்தில் தண்ணீர் மரத்தையெல்லாம் புரட்டிக்கொண்டு போனது. அக்கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

பின்னாலிருந்து இவர் என் தோளைப் பிடித்தார். இடது கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. உலுக்கினார். "போ" என்றார். "போ. போ. போ."

நான் போகவில்லை. பயந்துவிட்டேன். வண்டியைத் திருப்பி மேட்டில் நிறுத்தினேன். அவர் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஆறு வடிய ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போது ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஒரு ஊசி போட்டிருக்கலாம்மா" என்றார். திட்டவில்லை. சும்மாதான் சொன்னார்.

இதை இவரிடம் நான் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்.

பீன்ஸுக்காக மட்டும் இல்லை அந்தக் குழாய்.

நவம்பர் 1, சனி

இன்று பூட்டி முடித்தோம். பில்டரிலிருந்து கம்பிச்சுருள் ஓஸ், அதிலிருந்து மட்கார்டு ஓட்டை வழியே குழாய், முன் கண்ணாடியை ஒட்டி மேலே, உச்சியில் இரண்டு எல்போவைச் சேர்த்துப் பின்பக்கம் பார்த்த தலை. மழை விழாமல் இருக்க. ஆயில் அளவு பார்க்கும் ஊசி நுழையும் ஓட்டையைச் சுற்றிச் சைக்கிள் டியூப் கட்டினேன். கியர் பெட்டி மூச்சு விடும் துளைக்குச் சொட்டுநீர்க் குழாயை மாட்டி மேலே தூக்கிக் கட்டினேன். இது இவர் காட்டியது. தண்ணீர் அந்தத் துளை வழியாகவும் போகுமாம். நான் நினைத்தே பார்க்கவில்லை.

சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதும் அவருக்குத்தான் தெரிந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு இடது கையை வெளியே விட்டு எட்டி, குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தார்.

இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் சந்தோஷப்பட்டேன். இவர் தலையை ஆட்டினார். ஓடக் கூடாது. வாயை அடைத்தும் ஓடுகிறது என்றால் வேறு எங்கோ காற்று வாங்குகிறது. அங்கே தண்ணீரும் வாங்கும்.

சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வந்தேன். ஓடுகிற இஞ்சினில் ஒவ்வொரு இணைப்பாகப் புகையைக் காட்டினேன். மட்கார்டுக்குப் பின்னால் மூன்றாவது இணைப்பில் புகை வளைந்து உள்ளே போயிற்று. அவ்வளவு சின்ன இடுக்கு. பசை வைத்து, ரப்பர் சுற்றி, கிளிப்பை முறுக்கினேன். சாயங்காலம் வரை காய விட்டோம்.

மறுபடி கையை வைத்தார். இஞ்சின் இழுத்தது, முக்கியது, உடம்பை உதறிக்கொண்டு நின்றது.

அந்த அமைதியில் இவர், "ஆங்!" என்றார். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். நடுவில் வட்டமாகச் சிவந்திருந்தது.

எண்ணெய் தடவிவிட்டேன். கையை வெகுநேரம் இழுத்துக்கொள்ளவில்லை. நானும் அவசரப்படவில்லை.

நவம்பர் 5, புதன்

டீச்சர் படம் காட்டிச் சொல்ல வைத்தார். ஒருவன் நடந்து போகிறான். "போ" என்றார் இவர். அடுத்த படத்தில் அதே ஆளை ஒருவன் கைகாட்டி மறிக்கிறான். "போகாத", அதுதான் பதில். இவர் "போ" என்றார். டீச்சர் மறுபடி காட்டினார். இவர் தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டு "போ... போ..." என்றார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"பரவால்லைங்க, விடுங்க" என்றார் டீச்சர். என்னிடம், "நம்ம மொழியில வேண்டாம்ங்கறது வார்த்தையோட கடைசியிலதானேம்மா வருது. இவங்களுக்குத் தலை வந்துரும், வால் வராது. போகாதன்னு நினைப்பாங்க, போன்னு மட்டும் வெளிய வரும்."

வரும் வழியில் இரண்டு இடத்தில் கியர் தப்பாகப் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அடுப்பில் பால் வைத்திருந்தேன். இவர் முற்றத்தில் வெற்றிலைப் பாக்கை இடித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மாமா, அன்னிக்கு ஆத்தோரம் வெச்சு போ போன்னீங்கல்ல."

கை நின்றது.

"நான் போகலீங்க. பயந்துட்டேன். போயிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. இன்னேரம் நீங்க நல்லாப் பேசீட்டு..."

அவர் என் வாயைப் பொத்தினார். அந்த இடது உள்ளங்கையால். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "போ" என்றார். பல்லைக் கடித்தார். தொடையில் குத்திக்கொண்டார். "போ... போ..." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. நான் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். டீச்சர் சொல்லித்தந்தது அதுதான், எடுத்துக்கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

"போ... கா..."

கோழி ஒன்று எங்களுக்கு நடுவில் நடந்து போயிற்று.

"போகாத."

அப்புறம் இன்னொரு தடவை, தெளிவாக: "போகாத புள்ள."

அன்றைக்கு அவர் சொன்னது அதுதான். நான் தண்ணீரில் இறங்கிவிடுவேனோ என்று பயந்து, தோளைப் பிடித்து இழுத்து, போகாதே போகாதே என்று கத்தியிருக்கிறார். வால் வரவில்லை. மூன்று மாதம் பதின்மூன்று நாள், அதை நான் தப்பாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

ஆற்றில் முழங்கால் தண்ணீர். தும்பிக்கையோடு முதல் ஒத்திகை, ஆள் ஏற்றாமல்.

இவர் முதலில் ஒரு குச்சியைத் தண்ணீரில் போடச் சொன்னார். போட்டேன். அதோடு கூடவே கரையில் நடக்கச் சொல்லிக் கைகாட்டினார். நடந்தேன். குச்சியோடு சேர்ந்து நடக்க முடிந்தால் இறங்கலாம். ஓட வேண்டி வந்தால் குழாய் இருந்தாலும் இறங்கக் கூடாது. தும்பிக்கை மூச்சுக்குத்தான், இழுப்புக்கு இல்லை. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. குச்சி, கால், தலையாட்டல், அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது.

ஜூலையில் அந்தத் தண்ணீரோடு குதிரைகூட ஓடியிருக்காது.

இன்றைய சொற்கள்: "மெல்ல", "ஒண்ணு" (முதல் கியர்), "காலு" (கிளச்சிலிருந்து காலை எடு).

நவம்பர் 21, வெள்ளி

சத்தி ஆஸ்பத்திரி வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது.

காலை பத்து மணிக்கு ரங்கி ஓடி வந்தாள். "அக்கா, அவருக்குக் கால்ல பாம்பு கொத்தீருச்சு! பீன்ஸ் பறிக்கையில!" கண்ணாடி விரியன். ஜடையனே கண்ணால் பார்த்திருக்கிறான். கணுக்காலுக்கு மேல் வீங்க ஆரம்பித்திருந்தது. 108-க்குப் போன் செய்தால் அக்கரை வரைக்கும்தான் வர முடியும் என்றார்கள். மூன்று நாளாக விடாத மழை.

ஆற்றங்கரையில் பாதி ஊர் கூடிவிட்டது. பாலத்தின் ஓரக் கம்பங்களில் நுனி மட்டும் தெரிந்தது. என் இடுப்புக்கு மேலே இருக்கும் தண்ணீர். முகப்பு விளக்கு முங்கும். ஆனால் மரம் எதுவும் அடித்துக்கொண்டு வரவில்லை. அகலமாக, மொழுமொழுவென்று போனது.

குச்சியைப் போட்டேன். கூடவே நடந்தேன். எட்டி எட்டி நடக்க வேண்டியிருந்தது. ஓடவில்லை.

இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கல்லு" என்றார்.

"என்னுங்க மாமா?"

"கல்லு. கல்லு!" வண்டியின் பின்பக்கத்தைத் தட்டினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வண்டி மிதக்கக் கூடாது. பாரம் வேண்டும். "கல்லுத் தூக்கிப் போடுங்க!" என்று கத்தினேன். ஆளுக்கு இரண்டு கல்லாகத் தூக்கிப் போட்டார்கள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. நான் பானெட்டைத் திறந்து பேன் பெல்ட்டைக் கழற்றினேன். விசிறி தண்ணீரை அடித்து ரேடியேட்டரைக் கிழித்துவிடக் கூடாது. தண்ணீர் நேராக இஞ்சினில் மோதாமல் இருக்கத் தார்ப்பாயை முன்னால் இழுத்துக் கட்டினோம். ஜடையனைக் கல்லுக்கு மேல் மூட்டை போட்டுப் படுக்க வைத்தார்கள். ரங்கி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. இவரை இறங்கச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர். முன் சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தினேன்.

"போலாமுங்களா?"

தண்ணீரைப் பார்த்தார். அக்கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போ" என்றார்.

நான் காத்திருந்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உதட்டை மூடிக்கொண்டார். தலையை ஒரே ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டினார்.

போனேன்.

தண்ணீர் முதலில் காலடியில் வந்தது, பிறகு சீட்டுக்கு வந்தது. விளக்கு முங்கியது. பானெட்டின் மேல் அலை ஏறி முன் கண்ணாடியில் அடித்தது. வண்டி ஒரு பக்கமாக நகர்வது போல் இருந்தது, அல்லது எனக்குத்தான் அப்படி இருந்ததோ. கல்லின் கனத்தில் சக்கரம் மறுபடி பாலத்தைப் பிடித்தது. "மெல்ல, மெல்ல, மெல்ல" என்று இவர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கிளச்சைத் தொடவில்லை. என் காதுக்கு எட்டும் தூரத்தில், இடது பக்கம் தலைக்கு மேலே, அந்தக் குழாய் காற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தூங்குகிற ஆள் மூச்சு விடுவது மாதிரி ஒரே சீராக.

அக்கரை ஏறியதும் ரங்கி என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஜடையனை மாற்றிக்கொண்டார்கள். பேன் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு நாங்களும் பின்னாலேயே வந்துவிட்டோம்.

இரவு முழுக்க மருந்து ஏறியது. காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிருக்குப் பயம் இல்லை, கால் வீக்கம் வடிய ஒரு வாரம் ஆகும் என்றார். ஜடையன் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது பீன்ஸ் மூட்டையை யாராவது எடுத்து வைத்தார்களா என்று. ரங்கி அவனை ஓங்கி ஒரு அறை விட்டிருப்பாள், ஆஸ்பத்திரி என்பதால் விட்டுவிட்டாள்.

ஆறு இன்னும் இறங்கவில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தது. நேற்று போனோம் என்பதற்காக இன்றைக்கும் இறங்க முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்குப் பசித்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மெஸ். இவரைக் கைபிடித்துச் சாலையைத் தாண்ட வைத்து உட்கார வைத்தேன். சட்டையெல்லாம் இன்னும் ஆற்று மண் வாசம். சப்ளையர் வந்து என்னைப் பார்த்து, "என்னக்கா சாப்பிடறீங்க?" என்றான்.

"அவரக் கேளுங்க."

அவன் இவர் பக்கம் திரும்பினான். இவர் வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்து டேபிளில் சாம்பாருக்குக் கூப்பிட்டார்கள். சப்ளையர் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இட்லி" என்றார் இவர். "மூணு."

"உங்களுக்குக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். "அவளுக்கு..." நெற்றி சுருங்கியது. "ர... ரவா..." மூச்சை இழுத்துக்கொண்டார். "ரவா தோச."

இருபத்துநாலு வருடக் கல்யாணத்தில் எத்தனையோ நாள் இவரோடு வெளியில் சாப்பிட்டிருக்கிறேன். எப்போதும் வண்டி காத்திருக்கும், ஆள் காத்திருக்கும், இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு ஓடுவோம். எனக்கு ரவா தோசை பிடிக்கும் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. பக்கத்து டேபிளுக்கு அது போகும்போது பார்த்திருப்பேன், அவ்வளவுதான். அதை அவர் பார்த்திருக்கிறார்.

"ரவா தோசைன்னா இருவது நிமிசம் ஆகுங்களே" என்றான் சப்ளையர்.

இவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆகட்டும்."